ஏற்காடு மூட்டத்துக்கு 100 வாட் பல்பு வேண்டாம்

நண்பரே, உங்கள் பைக் ஹெட்லைட்டின் 35/35 வாட் (ஹை பீம்/லோ பீம்) எச்எஸ்1 ரக ஹாலஜன் பல்பு ஏற்காடு பனிமூட்டத்தில் போதவில்லை, கடைக்காரர் சொன்ன 100/90 வாட் எச்4 ரக பல்பு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். 35 வாட்டுக்கான ஹோல்டர் உருகும், வயர் கருகும்.

வெள்ளை எல்இடியும் வேண்டாம். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் அதன் ஒளி சிதறும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிரே இறங்கும் பஸ் டிரைவரின் கண் கூசும். மூட்டமோ உங்கள் முகத்திலேயே வெள்ளையாகத் திருப்பி அடிக்கும்.

அதே 35/35 புதிதாக வாங்குங்கள். பல்பின் கண்ணாடியில் விரல் படவே கூடாது, எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். நான் சுத்தமான துணியால் பிடித்துத்தான் மாட்டுவேன். மூட்டத்தில் லோ பீம் மட்டும்.

அப்புறம், வாங்கும் முன் ஹோல்டரின் எர்த் வயரைப் பாருங்கள். என் வண்டியில் அங்கே பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததுமே பழைய பல்பே பளிச்சென்று எரிந்தது.