ஆத்தோரமா ஒரு கோடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ரெண்டு பேருமே ரிட்டயர் ஆயாச்சு. இந்தக் கோடை முழுக்க ஆத்துப் பக்கமாவே இருக்கப் போறோம். இவர் பத்து எடத்துக்கு லிஸ்ட் போட்டு வெச்சிருக்கார், மூணு நாளைக்கு ஒரு எடமாம். எனக்கு ஒரே எடத்துல கால நீட்டி உக்காந்தா போதும். நீங்க யார் பக்கம்?

பதில்: உங்க பக்கம்தாம்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு. மூணு நாள்னா மொத நாள் கூடாரம் அடிக்கறதுல போயிரும், மூணாம் நாள் அவுக்கறதுல போயிரும், நடுவுல இருக்கற ஒரு நாளும் முதுகுவலிக்குத்தான். ரிட்டயர் ஆன மொத வருஷம் நானும் இப்படித்தான் லிஸ்ட்டும் கையுமா அலைஞ்சேன், கடைசில எந்த ஆத்துல என்ன பாத்தோம்னு எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சண்டை, போட்டோவ வெச்சுத்தான் பைசல் பண்ணோம்.

ஒரு ஆறு பிடிபடவே ஒரு வாரம் ஆகும். எந்த நேரத்துல எந்தக் கரையில நிழல் விழும், காத்து எப்ப கிளம்பும், மீன்கொத்திக்கு எந்தக் கிளை சொந்தம் (அது பாட்டுக்கு சுத்திட்டு திரும்பத் திரும்ப அதே கிளைக்குத்தான் வரும், ஆபீஸ்ல நம்ம சீட்டு மாதிரி), இதெல்லாம் உக்காந்து பாத்தாத்தான் தெரியும். ஆறு வளையற எடமா பாருங்க. வளைவோட வெளிப்பக்கம் தண்ணி வேகமா ஓடி கரைய அரிச்சு ஆழமா இருக்கும், உள்பக்கம் வேகம் கொறைஞ்சு மணல் படிஞ்சு திட்டா இருக்கும், உங்க சேர் உள்பக்கம், அவரோட தூண்டில் வெளிப்பக்கத்தப் பாத்து. கூடாரத்த மட்டும் மணல் திட்டுல போடாதீங்க, தண்ணிலேருந்து 60 மீட்டராச்சும் தள்ளி மேடான எடத்துல போடுங்க.

அவர் மனசும் நோகக் கூடாதுல்ல, லிஸ்ட கிழிக்க வேணாம். காலைல போயிட்டு சாயங்காலம் திரும்பற தூரத்துல இருக்கறத மட்டும் டிக் பண்ணச் சொல்லுங்க, மிச்சம் அடுத்த கோடைக்கு.

கேள்வி: எனக்கு 64, வீட்டுக்காரிக்கு 61. கயாக் கத்துக்க ஆசை. ரெண்டு பேரும் ஒரே படகுல போலாமா, தனித்தனியாவா?

பதில்: கயாக்ங்கறது வட துருவத்துப் பக்கம் இனுவிட் ஜனங்க சீல் தோல வெச்சு வேட்டைக்குனு கட்டினது, பெரும்பாலும் ஒரு ஆளுக்குத்தான். ஒரே படகுல புருஷன் பொண்டாட்டின்னு அவங்க யோசிச்சிருக்க மாட்டாங்க, வெவரமானவங்க. ஆனா நீச்சல்ல, தெம்புல ஒருத்தர் கொஞ்சம் கம்மின்னா ரெண்டு பேர் உக்கார்ற படகுதான் நல்லது. ஒரே ஒரு விஷயம் மனசுல வைங்க, முன்னாடி உக்கார்றவங்க வெக்கிறதுதான் தாளம், பின்னாடி இருக்கறவர் அதுக்கு ஒத்துப்போய் துடுப்பு போட்டுக்கிட்டே திசையப் பாத்துக்கணும். ரெண்டு பேரும் திருப்பினா படகு நேரா கோரைக்குள்ளதான் போகும். எங்களது மூணு தடவை போயிருக்கு, மூணு தடவையும் தப்பு என்னோடதுதானாம்.

மூட்டு வலி இருந்தா மேல திறந்திருக்கற, ஏறி உக்கார்ற மாதிரி அகலமான கயாக்கா பாருங்க, உள்ள கால நுழைச்சு உக்கார்றதுல எந்திரிக்கறதுக்குள்ள உயிர் போயிரும். கிளம்பும்போது எதிர்நீரோட்டத்துல போங்க. தெம்பு இருக்கும்போதே கஷ்டம் முடிஞ்சிரும், திரும்பும்போது ஆறே கொண்டாந்து விட்டுரும். இத மாத்திப் பண்ணவங்க சாயங்காலம் நடந்து வர்றத நிறைய பாத்திருக்கேன்.

இனிமே கொஞ்சம் கண்டிப்பா பேசறேன். லைஃப் ஜாக்கெட்ட படகுல போட்டு வெச்சா போதாது, உடம்புல போட்டு கொக்கி மாட்டியிருக்கணும். வெயில் 35 டிகிரி அடிச்சாலும் பெரிய அணையோட அடியிலேருந்து திறந்து விடற தண்ணி சில்லுனு இருக்கும். 15 டிகிரிக்குக் கீழ உள்ள தண்ணில திடீர்னு விழுந்தா மொத நிமிஷமே மூச்சு தானா வாரிப் போடும், அந்த நேரம் வாய் தண்ணிக்குள்ள இருந்தா கதை முடிஞ்சுது, எவ்ளோ பெரிய நீச்சல்காரரா இருந்தாலும் சரி. சின்னத் தடுப்பணை பாக்கறதுக்கு சாதுவா இருக்கும், ஆனா கீழ விழற தண்ணி சுழண்டு சுழண்டு ஆள உள்ளயே வெச்சுக்கும், அதுக்கு ரொம்ப முன்னாடியே கரை ஒதுங்கிருங்க. விழுந்த மரம் கிடக்கற பக்கமும் போகாதீங்க, தண்ணி கிளைக்குள்ள பூந்து போயிரும், நாம மாட்டிக்குவோம். வேகமா ஓடற தண்ணில விழுந்துட்டா எந்திரிச்சு நிக்கப் பாக்காதீங்க, கல்லுல கால் சிக்கும். மல்லாந்து, கால் நீரோட்டத்துக்கு முன்னாடி இருக்கற மாதிரி மிதந்துக்கிட்டே கரைப்பக்கம் ஒதுங்குங்க.

கேள்வி: இவர் தூண்டிலப் போட்டுட்டு காலைலேருந்து ராத்திரி வரைக்கும் உக்காந்திருக்கார், ஒண்ணும் கடிக்க மாட்டேங்குது. எனக்கு போரடிக்குது.

பதில்: நடு மத்தியானத்துல எப்படிம்மா கடிக்கும்? தண்ணி சூடாக ஆக அதுல கரைஞ்சிருக்கற ஆக்ஸிஜன் கொறையும், 0 டிகிரில லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல நிக்கறது 25 டிகிரில 8 சொச்சத்துக்கு வந்துரும். மீனெல்லாம் சோம்பிப் போய் ஆழத்துக்கோ, நிழலுக்கோ, கல்லுல மோதி சலசலன்னு ஓடற எடத்துக்கோ போயிரும், அங்கதான் காத்து கலக்கும். விடியக்காலைலயும் பொழுது சாயறப்பவும் போடச் சொல்லுங்க, நடுவுல தூங்கச் சொல்லுங்க. போலராய்டு கண்ணாடி ஒண்ணு மாட்டிக்கிட்டா தண்ணி மேல அடிக்கற கூசல் போயி அடில மீன் இருக்கா இல்லயான்னே தெரிஞ்சிரும்.

நீங்க ஏன் அவர் தக்கையவே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க? ஒரு பைனாகுலர் வாங்கிக்குங்க, 8x42 போதும். எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்னு அர்த்தம். பத்து, பன்னண்டு மடங்குன்னு கடைக்காரர் ஆசை காட்டுவார், நம்ம வயசுக்கு கை நடுங்கறதும் பத்து மடங்கா தெரியும். அப்புறம் கரையோர நாணல் தண்டப் பாருங்க, தும்பி கூடுவிட்டுப் போன தோல் ஒட்டிக்கிட்டிருக்கும். தண்ணிக்குள்ள புழுவா இருந்தது ஏறி வந்து முதுகு வெடிச்சு றெக்கையோட வெளிய வர்றது, விடியக்காலைல பொறுமையா உக்காந்தா நேர்லயே பாக்கலாம். என் வீட்டுக்காரி போன கோடைல இதப் பாத்துட்டு என்னை எழுப்பினா, நான் தூங்கிட்டேன், இன்னும் அதச் சொல்லிக் காட்டிட்டிருக்கா.

கேள்வி: நான் பிரஷர் மாத்திரை, வீட்டுக்காரம்மா இன்சுலின். வெயில்ல பிரச்சனை வருமா?

பதில்: கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டரப் பாத்துட்டுக் கிளம்புங்க சார், குறிப்பா உங்க மாத்திரைல ஒண்ணுக்குப் போக வெக்கிற வகை இருந்தா. வெயில்ல ஏற்கெனவே வேர்த்து தண்ணி போகுது, இது அதுக்கு மேல. நீங்களா மாத்திரைய நிறுத்தறது வேண்டவே வேண்டாம். வயசாக ஆக தாகம் எடுக்கறதே கொறைஞ்சிரும், அதனால தாகத்துக்குக் காத்திருக்காம குடிங்க, ஒருநாளைக்கு இவ்ளோதான் தண்ணின்னு டாக்டர் அளவு போட்டிருந்தா அது வேற கதை. இன்சுலின நிறுத்தி வெச்ச கார்ல விட்டுராதீங்க, உள்ள அடுப்பு மாதிரி கொதிக்கும். அதுக்காக ஐஸ் மேல நேரா வெக்கவும் கூடாது, உறைஞ்சா வீணாப் போயிரும்.

கேள்வி: எங்க பக்கம் மழையே இல்ல, ஆறு ஏறுமா?

பதில்: ஏறும். மேல எங்கயோ பெஞ்ச மழை இங்க வந்து சேரும், அணையில திறந்து விட்டாலும் அப்படித்தான். தெளிவா ஓடின தண்ணி கலங்குது, சருகும் குச்சியும் மொத்தமா மிதந்து வருது, சத்தம் கனமாகுதுன்னா சாமான எடுக்கக்கூட நிக்காதீங்க, மேட்டுக்குப் போயிருங்க. நான் தெனம் சாயங்காலம் தண்ணி விளிம்புல ஒரு குச்சி நட்டு வெப்பேன், தூங்கப் போறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாப்பேன். ஏறின தண்ணிய நடந்து கடக்கலாம்னு நெனைக்காதீங்க. வேகம் ரெண்டு மடங்கானா தள்ளற பலம் நாலு மடங்கு, வேகமா ஓடினா கணுக்கால் அளவு தண்ணியே ஆளச் சாய்ச்சிரும்.

கேள்வி: ராத்திரி குளிருது, கூடாரத்துக்குள்ள சின்ன அடுப்பு வெச்சுக்கலாமா?

பதில்: கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆள முடிச்சிரும். இன்னொரு போர்வை எடுத்துட்டுப் போங்க, பாயும் தடியா இருக்கட்டும், குளிரு பாதி தரைலேருந்துதான் ஏறுது.