பழைய விலை

அன்புள்ள அண்ணா,

அப்பா ஓய்வு பெற்றபோது வந்த 5 லட்சத்தை 2012இல் டெபாசிட் போட்டார். வட்டியை வாங்கிச் செலவழிக்கிறார், 'அசல் அப்படியே இருக்கு' என்று பெருமை வேறு. அது தேய்கிறது என்றால் சண்டைக்கு வருகிறார். எப்படிப் புரியவைப்பது? பத்து ரூபாய்க்குப் பை நிறையக் காய் வாங்கிய அந்தக் காலம்தான் பொற்காலம், இல்லையா?

குன்னூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

பொற்காலக் கதையை விடுங்கள். அந்தக் காலத்தில் கொழுந்து பறித்த அக்காவுக்கு நாள் கூலி எவ்வளவு என்று உங்கள் வீட்டில் யாரையாவது கேட்டுவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

தேய்மானக் கணக்கு எளிது. 72ஐ விலைவாசி ஏறும் சதவீதத்தால் வகுத்தால், பணத்தின் மதிப்பு பாதியாக எத்தனை வருடம் என்று வந்துவிடும். 6 சதவீதம் என்றால் 12 வருடம். ரிசர்வ் வங்கி இலக்காக வைத்திருப்பதே 4 சதவீதம்தான், அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 18 வருடத்தில் பாதி போய்விடும். வட்டியில் கொஞ்சத்தை அசலோடு சேர்க்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கை அப்பா முகத்துக்கு நேராக நீட்டாதீர்கள். நான் நீட்டியிருக்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பசுந்தேயிலை கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது என்று அப்பா தினசரி காலண்டர் தாளில் எழுதிவைப்பார். 1998இல் 18 ரூபாய். அந்த வருடம்தான் வீட்டுக்கு ஓடு மாற்றினோம். இரண்டே வருடத்தில் ஐந்தாறு ரூபாய்க்கு விழுந்தது, பலர் இலையைப் பறிக்காமலே விட்டார்கள். 2020இல் ஏறுமுகத்தில் மறுபடி 18ஐத் தொட்ட அன்று, "பழைய விலை வந்துடுச்சுடா" என்று அப்பா எனக்குப் போன் போட்டார், குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நான், படித்த மேதாவி, "எதுப்பா பழைய விலை? ஆறு சதவீதம்னு பார்த்தா இன்னைக்கு அறுபதுக்கு மேல வரணும்" என்றேன்.

யோசித்துப் பாருங்கள், உரம் ஏறியது, பறிகூலி ஏறியது, அரிசி ஏறியது, இலை மட்டும் இருபத்திரண்டு வருடம் கழித்து புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. சம்பளத்தில் பாதியை ஒருவன் பிடுங்கினால் கொடி பிடிப்போம். எண்ணை மாற்றாமல் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டால் 'விலை நிலையாக இருக்கிறது' என்கிறோம்! 2023இல் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்து கேட்டது கிலோவுக்கு 33.50. அறுபது அல்ல தம்பி, 33.50. அதையும் பேராசை என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவர் வாங்கும் அகவிலைப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது.

அன்று அப்பா பதில் பேசவில்லை. "சரி, வச்சுடறேன்" என்றார். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். அந்த 18க்கு அப்புறம் ஒரு தாளிலும் விலை எழுதியிருக்கவில்லை.