மண்கிண்ணத்தின் நகரம்

அன்புள்ள ஐயா,

இன்றைய தெற்கு ஈராக்கில் இருந்த சுமேரிய நகர அரசுகளைப் பற்றி வாசித்துவருகிறேன். முதலில் வந்தது கோயிலா, அரசனா? உருக், ஊர் (Ur), லகாஷ், உம்மா என்ற நகரங்கள் எல்லாம் அருகருகே இருந்தும் தனித்தனியாக நின்றது ஏன்? சுமேரிய மொழி தமிழின் கிளை என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று. உங்கள் உரையில் கூலிகளையும் அடிமைகளையும் பற்றியே பேசினீர்கள். அவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தவர்கள்தானே? அந்த நாகரிகத்தின் மகத்துவத்தை ஏன் குறைக்க வேண்டும்?

ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

மொழிக் கேள்விக்கு பதில்: இல்லை. சுமேரிய மொழிக்கு உறவென்று எந்த மொழியும் இதுவரை நிறுவப்படவில்லை. அந்தப் பேச்சை அதோடு விடுங்கள். கோயிலா அரசனா என்றால், கண்ணுக்கு முதலில் தெரிவது கோயில்தான். எரிது என்ற பழைய சுமேரிய நகரில் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கோயில்களைத் தோண்டி எடுத்தார்கள். அடியில் இருந்தது ஒரு சின்ன அறை. தனித்தனியாக நின்றதற்குக் காரணம், ஒவ்வொரு நகருக்கும் அதன் தெய்வம், அதன் வாய்க்கால், அதன் வயல். லகாஷும் உம்மாவும் ஓர் எல்லை நிலத்துக்காகத் தலைமுறைகளாக வெட்டிக்கொண்டன.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. சில காலமாக என் மனம் அங்கேயேதான் இருக்கிறது.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஊர் நகரின் அரச கல்லறைகளின் பொன்னையும் நீலக்கல்லையும் சுற்றி ஒரே கூட்டம். நான் நெடுநேரம் நின்றது ஒரு மண்கிண்ணத்தின் முன்னால். விளிம்பு சரிந்த, அழகே இல்லாத கிண்ணம். சக்கரத்தில் வனையாமல் அச்சில் அழுத்திச் செய்தது. கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டின் உருக் காலத்து இடங்களில் இது குவியல் குவியலாகக் கிடைக்கிறது. கூலிக்கு வாற்கோதுமை அளக்க என்கிறார்கள் சிலர். ரொட்டி சுட என்கிறார்கள் வேறு சிலர். எதுவாகவும் இருக்கட்டும். ஒரே மாதிரி, அவசரமாக, ஏராளமாகச் செய்திருக்கிறார்கள். பெரும் கூட்டத்துக்கு யாரோ சோறு போட்டிருக்கிறார்கள்.

உருக்கின் முதல் களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்குகள். வாற்கோதுமை, பீர், ஆடு, ஆள். ‘உண்’ என்பதற்கு அவர்கள் வரைந்த குறி ஒரு மனிதத் தலையும் அதன் அருகே ஒரு கிண்ணமும். அடிமைப் பெண்ணுக்கு, பெண் குறியோடு மலைக் குறி: மலைநாட்டிலிருந்து பிடித்து வந்தவள்.

‘எல்லாக் காலத்திலும் இருந்தவர்கள்’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சிற்றூரில் அறுத்தவன் களஞ்சியம் அவன் வீட்டிலேயே இருந்தது. தன் வயிற்றுக்கான தானியத்தை அடுத்தவர் கையால் அளந்து வாங்கும் ஆயிரக்கணக்கானவர்களை உருவாக்கியது நகரம். மதிலைவிட, கோயிலைவிடப் புதிய விஷயம் அதுதான். அவர்களைப் பேசினால் மகத்துவம் குறைகிறதா? அந்த மகத்துவத்தைச் சுமந்த தோள்களை விட்டுவிட்டு வரலாறு படிப்பது சோம்பல், தம்பி. நீங்கள் சோம்பேறி இல்லை என்பது உங்கள் கேள்விகளிலேயே தெரிகிறது. அதனால்தான் கோபப்படுகிறேன்.

பிற்காலத்தில் ஊர் நகரிலிருந்து ஆண்ட மூன்றாம் வம்சத்தின் கணக்குகளில் ஆணுக்கு மாதம் 60 சிலா வாற்கோதுமை, பெண்ணுக்குப் பெரும்பாலும் 30. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். நாள் முழுக்கத் தறியில் உழைத்தவளுக்குப் பாதி.

லகாஷ் அரசைச் சேர்ந்த கிர்சு நகரில் பாவு என்ற பெண் தெய்வத்தின் பெயரால் நடந்த அரசியின் பண்ணைக் கணக்குகள் கிடைத்திருக்கின்றன, கி.மு. 24ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் நெசவுப் பெண்கள் பெயரோடு இருக்கிறார்கள், பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. மொழிபெயர்ப்புகள் கிடைக்கும். நிதானமாகப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அரசர்களைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்