பிள்ளை பல்பம் தின்கிறானா? முதலில் ரத்தத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. எடை 15.5 கிலோ, உயரம் 104 செ.மீ. போன வருடம் பள்ளியில் சேர்த்தபோது 13.5 கிலோ இருந்தான். காய் என்றாலே வாயை இறுக மூடிக்கொள்கிறான். செல்போனில் கார்ட்டூன் ஓடினால்தான் நாலு வாய் சோறு இறங்கும். அதனால் ஹெல்த் டிரிங்க் கலந்து ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை பால் கொடுக்கிறோம். மருந்துக் கடையில் பசி எடுக்கும் சிரப் வாங்கிக் கொடுத்தேன்; நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டான். சிலேட்டுப் பல்பத்தைத் தின்கிறான். கால்சியம் குறைவாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால் பாலை இன்னும் கூட்டினோம். இப்போது கொஞ்சம் வெளுத்திருக்கிறான். பையன் நல்ல நிறமாகிவிட்டான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பேச்சு, விளையாட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் சாப்பாட்டை ஒதுக்குவது ஆட்டிசத்தின் அறிகுறி என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். பகலில் பிள்ளை மாமியாரிடம் இருக்கிறான். நான் சரியாகக் கவனிக்காததால்தான் இப்படி ஆகிவிட்டானா? – ஒரு தாய், திருப்பூர்.

பதில்: பல்பத்தைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னை நிறுத்தியது அந்த வரிதான். பல்பம், மண், சுவர்க் காரை, சாம்பல், பச்சரிசி என்று ஒரு பிள்ளை தேடித் தேடித் தின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவு. அதோடு வெளுப்பும் சேர்ந்துவிட்டால் தள்ளிப்போடவே கூடாது. இந்த வாரத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் பாராட்டுகிற நிறத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்காரவைத்து, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உட்புறம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். அடுத்து அவன் உள்ளங்கையை விரித்து உங்கள் கணவரின் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். இமையின் உட்புறமும் உள்ளங்கையும் வெளிறியிருந்தால் அது ரத்தசோகையின் வெளுப்பு. சிவப்பாகத் தெரிந்தாலும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். லேசான ரத்தசோகை கண்ணுக்குத் தெரியாது.

பல்பம் தின்றால் கால்சியம் குறைவு என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. பல்பமும் பாலும் வெள்ளை என்பதைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. உங்கள் வீட்டில் நடந்ததைப் பாருங்கள்: பிள்ளை பல்பம் தின்றான், பாலைக் கூட்டினீர்கள், இன்னும் வெளுத்தான். பாலில் இரும்புச்சத்து மிக மிகக் குறைவு. ஒரு லிட்டர் பாலில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. போதாக்குறைக்கு, மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் பாலிலுள்ள கால்சியம் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஹெல்த் டிரிங்க் டப்பாவில் இரும்புச்சத்து என்று எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். அதையும் அந்தப் பாலில்தானே கரைத்துக் கொடுக்கிறோம்? 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. டப்பாவைத் திருப்பி, மொத்தச் சர்க்கரை எவ்வளவு என்ற வரியை நீங்களும் கணவரும் சேர்ந்து படியுங்கள். மறுபடி வாங்க மனம் வராது.

இனி பசிக் கணக்கு. உங்கள் வீட்டு டம்ளர் 200 மில்லி என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து தடவை என்றால் ஒரு லிட்டர் பால், அதன்மேல் சர்க்கரை, மாவு. நாலரை வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,300 கலோரி போதும். அதில் பாதிக்கு மேல் டம்ளரிலேயே போய்விடுகிறது. பிறகு சோற்றுக்கு எங்கிருந்து பசி வரும்? இரும்புச்சத்து குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும், பசி இல்லையே என்று பாலை இன்னும் கொடுப்போம், இரும்பு மேலும் குறையும். இந்தச் சுழலிலிருந்துதான் அவனை வெளியே எடுக்க வேண்டும்.

அந்த சிரப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பசிக்கென்று கடையில் கொடுக்கும் சிரப்புகளில் பெரும்பாலும் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்து. பசியும் தூக்கமும் அதன் பக்கவிளைவுகள். நிறுத்தியதும் பசி போனதில் வியப்பே இல்லை. மருத்துவர் பார்க்காமல், எதற்கென்று தெரியாமல், நாலரை வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கவே கூடாது. மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள். அதே கடையில் இரும்பு டானிக்கையும் நீங்களாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறிலும் ஹீமோகுளோபின் குறையும். அதற்கு வைத்தியம் வேறு.

குழந்தை மருத்துவரிடம் போய், பல்பம் தின்கிறான், ஒரு லிட்டர் பால் குடிக்கிறான் என்ற இரண்டையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முழு ரத்த எண்ணிக்கையும், உடலில் இரும்பு எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்ப்பார். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சுவரில் உரிந்த பழைய பெயிண்டையும் சுரண்டித் தின்கிறானா என்று மாமியாரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். தின்கிறான் என்றால் ரத்தத்தில் ஈயத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். ரத்தசோகை உறுதியானால் எடைக்கேற்ற அளவில் இரும்பு மருந்து தருவார். அதைப் பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பாட்டிலை மட்டும் கை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். இனிப்பாக இருக்கிறது என்று பிள்ளை மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பேரீச்சை, வெல்லம், பீட்ரூட் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். சாப்பிடட்டும், தப்பில்லை. ஆனால் ரத்தசோகை வந்த பிறகு அவை மருந்தாகாது. பீட்ரூட்டின் சிவப்பு இரும்பால் வந்ததும் அல்ல.

மற்ற கவலைகளை இப்போதே இறக்கி வையுங்கள். ஒரு வருடத்தில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறான். இந்த வயதுக்கு அதுதான் சரியான ஏற்றம். உயரமும் சரியாக இருக்கிறது. முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆகிற பிள்ளை அதன்பின் மெதுவாகத்தான் வளரும், பசியும் அதற்கேற்பக் குறையும். ஆட்டிசம்? நன்றாகப் பேசுகிற, மற்ற பிள்ளைகளோடு கலந்து விளையாடுகிற பையன் கத்தரிக்காயை ஒதுக்குவதால் மட்டும் ஆட்டிசம் ஆகிவிடாது. அந்த வீடியோவை எடுத்தவர் உங்கள் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

கவனிக்காததால்தான் இப்படி ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை அம்மா. ஐந்து தடவை பாலாற்றிக் கொடுத்த வீட்டில் கவனிப்புக்குக் குறையே இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நம் நாட்டில் நூற்றுக்கு 67 பேருக்கும் தமிழ்நாட்டில் 57 பேருக்கும் ரத்தசோகை இருந்ததாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இத்தனை வீடுகளிலும் தாய்மாரா கவனக்குறைவாக இருந்தார்கள்?

மாற வேண்டியது சாப்பிடும் முறை. அது பையனோடு நிற்காது. வீட்டில் எல்லோரும் சேர்ந்தே பழக வேண்டும். மாமியாரிடம் பொறுமையாகப் பேசுங்கள். அவர் தட்டோடு பேரன் பின்னால் ஓடுவது பாசத்தால்; குறை சொன்னால் காரியம் கெடும். மருத்துவர் சொன்னார் என்று என்மேல் போட்டுவிடுங்கள்: பால் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், அவ்வளவுதான். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் வேர்க்கடலையோ பழமோ ஏதாவது ஒன்று. மற்ற நேரத்தில் கேட்டால் தண்ணீர். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவன் வயிற்றுக்கு விட்டுவிடுங்கள். முதல் மூன்று நாட்கள் அழுவான், பாதியில் எழுந்து போவான். போகட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைக்குப் பசியோடு வருவான். அதற்குள் மனம் இளகி ஒரு டம்ளர் பாலைக் கொடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

செல்போனைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எடுத்து வைக்க வேண்டும், உங்கள் கணவரும்தான். திரையைப் பார்த்துக்கொண்டு விழுங்குகிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, வாயில் போனது கேரட்டா பீன்ஸா என்றும் தெரியாது. இருவரும் ஷிப்ட் முடிந்து வர நேரமாகிவிடும் என்பது எனக்குப் புரிகிறது. இரவு முடியாவிட்டால் காலையில் கால் மணி நேரம் நான்கு பேரும் ஒன்றாக உட்காருங்கள். ஊட்டிவிட வேண்டாம், தட்டில் அவனே பிசைந்து சிந்திச் சாப்பிடட்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவு போடுகிறார்கள் அல்லவா? வீட்டில் கிச்சடியிலிருந்து காயைப் பொறுக்கி ஓரம் தள்ளுகிற பிள்ளை அங்கே பந்தியில் உட்கார்ந்து, பக்கத்துப் பையனைப் பார்த்து அதையே சாப்பிட்டுவிட்டு எழுகிறது. உங்கள் கணவர் பொரியலைத் தொடாமல் அப்பளத்தோடு முடித்துக்கொள்பவராக இருந்தால் மகனும் அதையே கற்றுக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை அவனை உழவர் சந்தைக்கு அழைத்துப் போங்கள். ஒரு காயை அவனே எடுக்கட்டும், அவனே பையில் போடட்டும். வீட்டுக்கு வந்ததும் முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டி, பாட்டியும் அவனும் ஆயட்டும். காம்பைப் பிடித்து இலையை உருவுவது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. தான் ஆய்ந்த கீரை என்றால் வாயில் வைத்துப் பார்க்கவாவது செய்வான். முதல் தடவை துப்பினால் சிரித்துவிட்டு விடுங்கள். 'சாப்பிட்டால் சாக்லேட்' என்று பேரம் பேசினால், கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்றுதான் அவன் புரிந்துகொள்வான். ஒரு புதிய காயைப் பத்து, பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்கிற பிள்ளைகள் ஏராளம். உங்கள் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதத்தில் கீரையைக் கலந்து செய்யலாம். கொள்ளு, கம்பு இரண்டிலும் நல்ல இரும்பு இருக்கிறது. அசைவம் உண்பவர்கள் என்றால் வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல் நாலு துண்டு வையுங்கள். அதிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும். சோற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் கீரை, பருப்பின் இரும்பும் கூடுதலாகச் சேரும். டீ மட்டும் இந்த வயதில் வேண்டவே வேண்டாம்.

பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. ஆறு மாதம் தாண்டியிருந்தால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். வெறுங்காலோடு மண்ணில் விளையாடுகிற பிள்ளைக்குக் கொக்கிப் புழுவாலும் ரத்தம் குறையும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க மாத்திரையை இலவசமாகவே தருகிறார்கள்.

இரும்பு மருந்து தொடங்கினால் பல்பம் தின்கிற ஆசை பெரும்பாலும் சில வாரங்களிலேயே விட்டுப்போகும், பசியும் தானாகத் திரும்பும். தெளிந்துவிட்டான் என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடலில் இருப்பு நிரம்ப, மேலும் இரண்டு மூன்று மாதம் மருந்து கொடுக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். அதற்குள் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால், மருந்து ஒழுங்காக இறங்குகிறதா, வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க அதே மருத்துவரிடம் திரும்பப் போங்கள்; மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்.