மடியில் ஒன்றரை வயது, முன்னால் இருபது மணி நேரம்: கேள்வி பதில்

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, அபுதாபி, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் என்று எங்காவது இறங்கி ஏறித்தான் போக வேண்டும். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டால் ஒரு முழு நாளுக்குக் குறையாது. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் உள்ள குழந்தையோடு இந்தப் பாதையில் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இங்கே.

குரோம்பேட்டையிலிருந்து: அக்கா, போகும்போது பையனுக்கு 1 வயசு 11 மாசம். திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு முடிஞ்சிடும். சீட் வாங்கணுமா?

திரும்பும் பயணத்துக்குக் கட்டாயம் வாங்க வேண்டும். வயதை டிக்கெட் எடுத்த நாளில் பார்ப்பதில்லை, ஒவ்வொரு விமானமும் கிளம்பும் நாளில் பார்ப்பார்கள். இரண்டு முடிந்துவிட்டால் மடியில் வைத்துக்கொண்டு வர முடியாது. இணையத்தில் போக-வர ஒரே டிக்கெட்டாகப் போட்டால் பல தளங்கள் இதைச் சரியாகக் கையாளாது. விமான நிறுவனத்துக்கே போன் செய்து, போவதற்குக் கைக்குழந்தை, வருவதற்குக் குழந்தை என்று போடச் சொல்லுங்கள். மடிக்குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதமும் வரியும் வரும்.

விதி அனுமதிக்கிறது என்பதற்காக மடியில் வைத்துக் கொண்டுபோக வேண்டுமா என்பது வேறு கேள்வி. பதினோரு கிலோ குழந்தையைப் பதினைந்து மணி நேரம் மடியில் வைத்திருந்தால் உங்கள் சாப்பாடு, தூக்கம், கழிப்பறை எல்லாமே போய்விடும். பணம் இடம் கொடுத்தால் ஒன்றரை வயதிலேயே தனி சீட் வாங்குங்கள். வாங்கினால் குழந்தையைக் கட்டிவைக்கவும் ஏதாவது வேண்டும். காரில் வைக்கும் சீட்டில், விமானத்துக்கும் ஏற்றது என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். அகலம் 16 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலான எகானமி சீட்டில் உட்காரும். ஜன்னலோரம்தான் வைக்க விடுவார்கள். அதைத் தூக்கிச் சுமக்க முடியாதவர்களுக்கு கேர்ஸ் என்ற வார் இருக்கிறது. 10 முதல் 20 கிலோ எடை, ஒரு மீட்டர் உயரம் வரைக்கும் அது சரிப்படும். உங்கள் விமான நிறுவனம் அதை ஏற்குமா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே வீட்டிலிருந்து இன்னொன்று: என் தங்கச்சியும் அவ குழந்தையும் கூட வர்றாங்க. ரெண்டு பேரையும் ஒரே வரிசையில போட மாட்டேங்கிறாங்களே?

ஆக்சிஜன் மாஸ்க்தான் காரணம். சேர்ந்திருக்கும் சீட்டுகளுக்கு மேலே ஒரே ஒரு மாஸ்க்தான் கூடுதலாக இருக்கும். மடிக்குழந்தை இரண்டு என்றால் ஒன்று குறையும். முன் பின் வரிசையிலோ, நடைபாதைக்கு அந்தப் பக்கமோ கேளுங்கள்.

பியர்லாண்ட், டெக்சஸிலிருந்து: பாசினெட் (முதல் வரிசைக்கு முன்னால் சுவரில் மாட்டும் குட்டித் தொட்டில்) சீட் கிடைச்சிருக்கு. பாப்பாவுக்கு 14 மாசம், பத்தரை கிலோ. நிம்மதியா தூங்குவாளா?

அந்த பத்தரை கிலோதான் இடிக்கிறது. எடை, நீள வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 10, 11 கிலோவிலேயே நிறுத்துபவர்கள் நிறையப் பேர். குழந்தையைப் படுக்க வைத்து டேப் வைத்து உச்சி முதல் குதிகால் வரை அளந்து, அவர்கள் சொல்லும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலை மடக்கித்தான் படுக்க முடியும் என்றால் அவள் தூங்கப்போவதில்லை.

சீட்பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் தூங்கும் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தாக வேண்டும். காற்று குலுக்கும் இரவில் இது நாலைந்து தடவை நடக்கலாம். முதல் வரிசையில் காலடியில் பை வைக்க இடமில்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போய்விடும். கைப்பிடிக்குள் டிரே இருப்பதால் அதை மேலே தூக்கவும் முடியாது, குழந்தையைக் குறுக்கே படுக்கவைக்க வழியில்லை. பத்து மாதத்துக்கு உள்ளே பாசினெட் வரம். எழுந்து நிற்கத் தெரிந்துவிட்ட குழந்தைக்கு, கைப்பிடி மேலே போகும் சாதாரண வரிசையில் தனி சீட்தான் என் ஓட்டு.

வேளச்சேரியிலிருந்து: துபாய் வழியா போகட்டுமா, லண்டன் வழியாவா?

வளைகுடா வழியில் முதல் பாதி நாலு மணி நேரம், அடுத்தது பதினாலு பதினாறு. லண்டன் வழியில் பத்தரையும் எட்டும் மாதிரி கிட்டத்தட்ட சரிபாதியாக வரும். நீண்ட விமானம் குழந்தையின் இரவுத் தூக்கத்தோடு ஒத்துப்போனால் வளைகுடா நல்லது. ஆனால் அந்த முதல் விமானம் பெரும்பாலும் சென்னையில் விடியற்காலையில் கிளம்பும், நள்ளிரவில் எழுப்பி கூட்டிப்போக வேண்டியிருக்கும். மாறும் இடத்தில் மூன்று நாலு மணி நேரம் இருக்கட்டும். ஒன்றரை மணி நேரம் என்று போட்டால், டயப்பர் மாற்றுவதற்குள் கேட்டை மூடிவிடுவார்கள்.

அபுதாபியில் அமெரிக்க இமிக்ரேஷனை அங்கேயே முடித்துவிடுவார்கள். களைத்த குழந்தையோடு அந்தப் பக்கம் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக அங்கே மறுபடி செக்யூரிட்டி உண்டு, நேரம் கூட வேண்டும். மற்ற வழிகளில் பெரும்பாலும் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டிகளை எடுத்து மறுபடி போட வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கோவையிலிருந்து: சளி சிரப் அஞ்சு மில்லி குடுத்தா சுருண்டு படுத்துக்கும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. குடுக்கலாமா?

கூடாது. அந்த சிரப்புகளில் சிலவற்றில் இருக்கும் புரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாத மருந்து, மூச்சைத் தாழ்த்திவிடும். இதே வகையிலுள்ள வேறு மருந்துகள் சில குழந்தைகளைத் தூங்கவைக்காமல் தலைகீழாகக் கிளப்பிவிடும். அப்புறம் பதினைந்து மணி நேரம் அந்தக் குழந்தையோடு நீங்கள்தான்.

கையில் இருக்க வேண்டியது பாரசிட்டமால். அதிலும் ஒரு கண்ணி உண்டு. நம் ஊர் கடைகளில் 5 மில்லிக்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு விதம், சொட்டு மருந்தோ ஒரு மில்லிக்கே 100 மி.கி. அமெரிக்காவில் 5 மில்லிக்கு 160. கிலோவுக்கு 15 மி.கி. என்று 11 கிலோ குழந்தைக்கு 165 மி.கி. என வைத்தால் 120 சிரப்பில் சுமார் 7 மில்லி, 250-இல் 3.3 மில்லி, அமெரிக்க சிரப்பில் 5 மில்லி. பாட்டிலை மாற்றிவிட்டு பழைய அளவையே ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். டாக்டரிடம் மில்லி அளவை அந்தப் பாட்டிலுக்கே எழுதி வாங்கி, மேலே ஒட்டிவிடுங்கள்.

திருச்சியிலிருந்து: இறங்கும்போது தொண்டை கிழியக் கத்துறான். காதுல பஞ்சு வெச்சும் நிக்கல.

பஞ்சு உதவாது, ஏனென்றால் பிரச்சினை செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் மேலேறும்போது காற்றைச் சுலபமாக வெளியே விட்டுவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும், அப்போது குழாய் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளுக்கு அது குறுகலாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் இன்னும் மோசம். விழுங்கும் ஒவ்வொரு முறையும் அது கண நேரம் திறக்கும். தூங்கும் குழந்தை அதிகம் விழுங்காது, வலியோடுதான் விழிக்கும்.

பெரும்பாலோர் தவறுவது நேரத்தில். விமானம் தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே அழுத்தம் மாறத் தொடங்கிவிடும், சீட்பெல்ட் விளக்கு அதற்கு அப்புறம்தான் எரியும். திரையில் வரைபடம் போட்டு, மீதி 40 நிமிடம் என்று காட்டும்போது எழுப்புங்கள். பால் பாட்டிலை உடனே நீட்டினால் பத்தே நிமிடத்தில் காலி செய்துவிட்டு, மீதி நேரமெல்லாம் கத்துவான். 30 மில்லி கொடுங்கள், பிடுங்குங்கள், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி 30. இடையில் ரஸ்க், பொரி, எதையாவது மென்று விழுங்கிக்கொண்டே இருக்கட்டும். உட்கார்ந்த நிலையில்தான், படுக்கவைத்து அல்ல.

வெந்நீரில் நனைத்த பேப்பரை டம்ளரில் போட்டுக் காதில் வைக்கும் வித்தையைக் குழந்தையிடம் செய்யாதீர்கள், கன்னம் வெந்துவிடும். மூக்கடைப்பு இருந்தால் உப்புநீர்ச் சொட்டு போதும். காதில் சீழோ வலியோ இருந்தால் பறப்பதற்கு முன் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

ஆவடியிலிருந்து: ஸ்ட்ரா கப்பைத் திறந்தா தண்ணி பீச்சியடிச்சு முன் சீட்டுக்காரர் தலையெல்லாம் நனைஞ்சிடுச்சு! கப்பு பழுதா?

கப்பில் குற்றமில்லை. தரையில் இறுக்கி மூடிய கப்புக்குள் தரைக் காற்றழுத்தம் சிக்கியிருக்கிறது. மேலே கேபினில் அழுத்தம் குறைவு. உள்ளே இருக்கும் காற்று விரியும்போது தண்ணீரைக் கீழிருந்து தள்ளும், போக இருக்கும் ஒரே வழி ஸ்ட்ராதான். மேலேறியதும் கப்பை நிமிர்த்திப் பிடித்து, ஸ்ட்ராவைத் தொடாமல் திருகு மூடியை முதலில் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். புஸ்ஸென்று சத்தம் வந்தபின் இறுக்கிவிட்டு ஸ்ட்ராவைத் திறக்கலாம்.

இதே கூத்து வயிற்றுக்குள்ளும் நடக்கும். குடலில் இருக்கும் வாயு மேலே கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக விரியும். காரணம் தெரியாமல் முறுக்கிக்கொண்டு அழும் குழந்தைக்குப் பாதி நேரம் இதுதான். ஏறுவதற்கு முந்தைய வேளையில் சுண்டல், பயறு, உருளைக்கிழங்கு வேண்டாம். டயப்பரின் இடுப்பைத் தளர்த்தி, முழங்காலை வயிற்றோடு மெல்ல மடக்கி நீட்டுங்கள்.

மதுரையிலிருந்து: தயிர்சாதம் கட்டிக்கிட்டுப் போகலாமா? சத்துமாவுக் கஞ்சி?

ரயிலுக்குத் தயிர்சாதம் சரி. இங்கே குழைந்த தயிர்சாதத்தைத் திரவம் என்று செக்யூரிட்டியில் நிறுத்த வாய்ப்புண்டு. வெந்த சோறு வெதுவெதுப்பில் பல மணி நேரம் கிடப்பதும் குழந்தை வயிற்றுக்கு ஆகாது. நல்லெண்ணெயும் காரமில்லாத பொடியும் தடவிய மினி இட்லிதான் முதல் ஏழெட்டு மணி நேரத்துக்குத் தோழன். தேங்காய்ச் சட்னி வேண்டாம்.

சத்துமாவில் பெரிய தப்பு நடக்கிறது. அது அடுப்பில் கொதித்து வேக வேண்டிய மாவு. விமானத்தில் தரும் சுடுநீரை ஊற்றிக் கலக்கினால் பச்சை மாவாகவே வயிற்றுக்குள் போகும், வயிறு கெடலாம். அதற்குப் பதில் கெட்டி அவலை மொறுமொறுவென்று வறுத்து, ஆறவைத்து, நைசாகப் பொடித்து எடுத்துப் போங்கள். மூன்று ஸ்பூன் பொடி, 100 மில்லி சுடுநீர், மூடிவைத்து ஐந்து நிமிடம், கொஞ்சம் வெல்லப்பொடி. ஒரு வேளைக்கு ஒரு ஜிப் கவர் என்று தனித்தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கான பாலும் காய்ச்சிய தண்ணீரும் 100 மில்லியைத் தாண்டினாலும் தேவையான அளவுக்கு விடுவார்கள். பைக்குள் ஒளிக்காமல் வெளியே எடுத்துத் தட்டில் வைத்துச் சொல்லிவிடுங்கள். கேபின் காற்றில் ஈரப்பதம் 10, 20 சதவீதம்தான், மணிக்கொரு முறை ரெண்டு மடக்காவது குடிக்கட்டும். மிச்ச வாழைப்பழத்தை விமானத்திலேயே விட்டு இறங்குங்கள். சொல்லாமல் கொண்டுபோனால் அமெரிக்கச் சுங்கத்தில் முதல் தடவைக்கே 1,000 டாலர் வரை அபராதம். பாட்டி பெட்டிக்குள் திணித்த கறிவேப்பிலைக்கும் அதே கதிதான்.

நாகர்கோவிலிலிருந்து: எத்தனை டயப்பர்?

24 மணி நேரத்துக்கு மூன்று மணிக்கு ஒன்றாக 8, மலத்துக்கு 3, தாமதத்துக்கு 4, ஆக 15. பேண்ட் மாதிரி மாட்டுவதையே வாங்குங்கள், கழற்றும்போது பக்கவாட்டில் கிழித்துவிடலாம். மாற்றும் பலகை எல்லாக் கழிப்பறையிலும் இருக்காது. இருந்தாலும் இரண்டு வயசுக் குழந்தைக்குக் கால் வெளியே தொங்கும். மூடிய டாய்லெட் மூடிமேல் நிற்கவைத்து மாற்றுவதுதான் நடைமுறை. ஒரு டயப்பர், நாலு வைப்ஸ், ஒரு காலிக் கவர் சேர்த்து சின்னப் பொட்டலமாக முன்பே கட்டிவைத்தால், பெரிய பையை அந்தக் குட்டிக் கழிப்பறைக்குள் திணிக்க வேண்டாம். உங்களுக்கும் ஒரு டீ-ஷர்ட், வாந்தி அவன் சட்டையோடு நிற்காது.

சார்லட்டிலிருந்து: முன் சீட்டை உதைச்சுக்கிட்டே இருக்கான், சண்டையே வந்துடுச்சு.

அவன் கால் நீளம் அப்படி. முழங்கால் சீட் விளிம்பைத் தாண்டாது, அதனால் கால் நேராக நீண்டு முன் சீட்டில்தான் முட்டும். அதட்டிப் பயனில்லை. டிக்கெட் போடும்போதே அப்பா சீட்டை அவனுக்கு நேர் முன்னால் போடுங்கள். உதை சொந்தக்காரருக்கே போகும்.

பெரம்பூரிலிருந்து: நான் மட்டும் தனியா பாப்பாவோட போறேன் மேடம். பாத்ரூம் எப்படிப் போறது?

கேட்கக் கூச்சப்படும் கேள்வி, ஆனால் பதினைந்து மணி நேரத்தில் இதுதான் பெரிய கேள்வி. சாப்பாட்டு வண்டி வருவதற்கு முன்பு போய்விடுங்கள், வண்டி நடைபாதையை அடைத்தால் முக்கால் மணி நேரம் வழியில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள கேபின் க்ரூவிடம் கேட்கலாம். அது அவர்கள் கடமை அல்ல, ஆனால் பரிமாறும் நேரம் தவிர பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். முன்பக்கம் கட்டும் கேரியரில் பாப்பாவை மாட்டிக்கொண்டே போவது இன்னும் நிச்சயம். கால் சட்டைக்கு நாடா, பெல்ட் இல்லாமல் எலாஸ்டிக்காக இருக்கட்டும்.

ஸ்ட்ரோலரை விமான வாசல் வரை தள்ளிப் போகலாம். ஆனால் மாறும் ஊரில் வாசலிலேயே திரும்பத் தருவார்களா, கடைசி ஊர் பெல்ட்டுக்குத்தான் வருமா என்று டேக் ஒட்டும்போதே கேட்டுவிடுங்கள். அதனாலும் கேரியர் கட்டாயம். கணவர் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை வைத்த சம்மதக் கடிதம் ஒன்றும் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும்.

சான் ஹோசே, கலிஃபோர்னியாவிலிருந்து: வந்து மூணு நாளாச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து விளையாடுறா.

கோடையில் சென்னைக்கும் உங்களுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், இரவும் பகலும் அப்படியே தலைகீழ். உடம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும், பத்து நாளாவது ஆகும். காலை எழுந்ததும் அரை மணி நேரம் வெயில் படும்படி வெளியே நடத்துங்கள். பகல் தூக்கம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் எழுப்பிவிடுங்கள், அழுதாலும் பரவாயில்லை. இரவு இரண்டு மணிக்கு அவள் வயிற்றுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், விளையாட்டு என்று நினைப்பது பாதி பசிதான். படுக்கைப் பக்கத்திலேயே இரண்டு இட்லியும் வெதுவெதுப்பான பாலும் தயாராக வையுங்கள். மங்கலான விளக்கில், டி.வி., போன் எதுவும் போடாமல், பேச்சில்லாமல் ஊட்டிவிட்டு மறுபடி படுக்கப் போடுங்கள்.