பெல்ட் போட்டால் இடுப்பு வலி போகுமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன், வயது 38. அறுவடை சமயத்தில் காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 8 வரை அதே நாற்காலிதான். நாலு மாதமாக இடுப்பு வலி, எழுந்தால் உடனே நிமிர முடியவில்லை. “சேத்துல குனிஞ்சு நடவு நட்ட எனக்கே வலிக்கல, ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்திருக்கிற உனக்கென்னடா?” என்கிறார் அம்மா. பெல்ட் போடலாமா?

பதில்: அம்மா குனிந்தார், சரி. ஆனால் நடுநடுவே வரப்பேறினார், நாற்றுக்கட்டைத் தூக்கினார், தண்ணீர் குடிக்க நடந்தார். (நடவுப் பெண்களுக்கு இடுப்பு வலியே வராது என்பதெல்லாம் சும்மா, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.) நீங்கள் அசையவே இல்லையே!

பெல்ட்டை மறந்துவிடுங்கள். மூன்று மாதம் தாண்டிய இடுப்பு வலிக்கு வழக்கமாக பெல்ட் கொடுக்க வேண்டாம், உடற்பயிற்சி கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது.

பிள்ளையை முதுகில் ஏற்றி யானை விளையாடுவோமே, அப்படிக் கையையும் முழங்காலையும் ஊன்றிக்கொண்டு, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நேராக நீட்டி, முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் சிந்தக் கூடாது என்கிற மாதிரி 10 விநாடி அசையாமல் இருங்கள், அப்புறம் பக்கம் மாற்றுங்கள். பக்கத்துக்கு ஐந்தாறு தடவை போதும், மூச்சை மட்டும் அடக்காதீர்கள். அடுத்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, புட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்கி இறக்குங்கள், 10 தடவை. தினமும் செய்தால்கூடப் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், நாலு நாளில் விட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள். செய்யும்போது வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, காத்திருக்கவே கூடாது.

அலாரம் வைத்து எழுந்திருங்கள் என்றால் யார் கேட்கிறீர்கள்? நெல் லாரி எடைமேடையில் ஏறும் ஒவ்வொரு தடவையும் பையனை அனுப்பாமல் நீங்களே போய் எடைச் சீட்டை வாங்கி வாருங்கள். லாரி வராத நாளில் அரை மணிக்கொரு தரம் தண்ணீர்ப் பானை வரைக்கும்.