ஆலிவ் ஆலைக் கழிவுநீரால் எரிவாயு நின்றுபோனால்

வணக்கம். ஆலிவ் ஆலையின் கருப்பு நீரை நேரடியாகச் சாண எரிவாயுக் கலனில் விட்டதும் எரிவாயு நின்று, புளித்த வாடை வருவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த நீரை ஊற்றுவதை நிறுத்துங்கள்.

அந்த நீரின் பிஎச் (அமில-கார அளவு; 7க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும்) 5 அளவில்தான் இருக்கும். மீத்தேன் தரும் நுண்ணுயிரிகளுக்கோ 7ஐ ஒட்டி வேண்டும். அதைவிடப் பெரிய எதிரி பாலிஃபீனால்கள் என்னும் வேதிப்பொருள்கள். ஆலிவ் காயைப் பூஞ்சையிடமிருந்து காக்கும் அதே பொருள்கள் உங்கள் நுண்ணுயிரிகளையும் முடக்குகின்றன. போதாக்குறைக்கு நைட்ரஜனும் குறைவு.

கலன் தேறிய பிறகு, கழிவுநீரைத் தொட்டியில் தேங்கவிட்டு மிதக்கும் எண்ணெயை வழித்தெடுங்கள். சுண்ணாம்புப் பால் கலந்தால் அமிலம் தணியும், பாலிஃபீனால்களில் ஒரு பகுதி படிந்துவிடும். ஆனால் சேறு நிறையச் சேரும். அதற்கும் இடம் பாருங்கள். தெளிந்த நீரைச் சாணக் கரைசலோடு சிறு பங்காகச் சேர்த்து, பிஎச் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள். சாணம் நைட்ரஜனையும் தரும், பிஎச் சரிவையும் தாங்கும். வெறும் தண்ணீரால் நீர்க்கச் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கழிவின் அளவுதான் பெருகும்.

தயவுசெய்து ஓடையில் மட்டும் விடாதீர்கள். இதன் வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது இதிலுள்ள கழிவுப்பொருள்களை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 40 கிராமையும் தாண்டக்கூடும். மீன்கள் மூச்சுத்திணறிச் சாகும்.

புதிய டிகாண்டர் (அரைத்த காயைச் சுழற்றி எண்ணெயைப் பிரிக்கும் இயந்திரம்) வாங்குவதாக இருந்தால், எண்ணெய், ஈரச் சக்கை என இரண்டாக மட்டும் பிரிக்கும் இருநிலை வகையைப் பாருங்கள். கழிவுநீர் வெகுவாகக் குறையும், பதிலுக்கு ஈரச் சக்கை கூடும்.